காலை உயரம், இரவு உயரம்: முதுகுத்தண்டின் தினசரி ஏற்ற இறக்கத்தை வீட்டுச் சுவரில் அளக்க முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பட்டியல் பிரிவினர், பழங்குடியினர் தவிர மற்ற ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. உயரம் வேண்டும். இதற்காக விடிகாலையில் சேலத்து மைதானங்களைச் சுற்றி ஓடும் பையன்களில் யாராவது ஒருவர் எப்போதும் 169.5-ல் நிற்பார். “காலையிலேயே போய் அளந்துடு, தேறிடுவ” என்று கூட்டாளிகள் யோசனை சொல்வார்கள். யோசனையில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘காலை’ என்றால் எந்தக் காலை என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. எழுந்த பத்தாவது நிமிடமும் காலைதான், வரிசையில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு வரும் ஒன்பது மணியும் காலைதான். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல.

இந்த வழிகாட்டி உயரத்தைக் கூட்டுவதற்கானது இல்லை. உங்கள் உயரம் ஒரு நாளில் எவ்வளவு குறைகிறது, எந்த நேரத்தில் வேகமாகக் குறைகிறது என்பதை நீங்களே மில்லிமீட்டர் கணக்கில் கண்டுபிடிப்பதற்கானது. அது தெரிந்துவிட்டால் குனிவது, தூக்குவது போன்ற வேலைகளை எந்த நேரத்துக்குத் தள்ளலாம் என்பதும் தெரிந்துவிடும். முதுகுவலி உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது பலன்தான் முக்கியம் என்பது என் கருத்து.

முதலில், உள்ளே நடப்பது

முதுகுத்தண்டில் மொத்தம் 33 முள்ளெலும்புகள். அவற்றில் கீழே ஒட்டிப்போனவற்றைக் கழித்தால் 24. இந்த எலும்புகளுக்கு நடுவே 23 டிஸ்க்குகள். நம் ஊரில் ‘ஜவ்வு’ என்று சொல்வதும் இதைத்தான். தண்டின் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எலும்பே இல்லை, இந்த டிஸ்க்குகள்தான்.

ஒவ்வொரு டிஸ்க்கின் நடுவிலும் கூழ் போன்ற ஒரு பகுதி. அதைச் சுற்றி அடுக்கடுக்காக நார் வளையங்கள். கூழில் பெரும்பங்கு தண்ணீர். குழந்தைப் பருவத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை இருக்கும், வயதாக ஆக 70 பக்கம் இறங்கிவிடும். இந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பவை புரோட்டியோகிளைக்கான் என்ற பெரிய மூலக்கூறுகள். அவற்றில் எதிர்மின்னூட்டம் நிறைய. அது சோடியம் அயனிகளை இழுக்கிறது, சோடியத்தின் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. சேலத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், ஊறிக்கொண்டிருக்கும் ஜவ்வரிசியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்த நிலை. ஊறி உப்பப் பார்க்கிறது, கல் அமுக்கப் பார்க்கிறது.

அந்தக் கல் நம் உடம்பின் எடை. 1999-ல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆராய்ச்சியாளரின் குழு, ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள் அழுத்தமானியைப் பொருத்தி நாள் முழுக்க அளந்தது. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), நிற்கும்போது 0.5, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் 0.83. ஆக, எழுந்து நின்ற மாத்திரத்திலேயே அழுத்தம் ஐந்து மடங்காகிறது. அப்போது தண்ணீர் மேலும் கீழும் உள்ள குருத்தெலும்புத் தகடுகள் வழியாகவும் நார் வளையம் வழியாகவும் மெல்லக் கசிந்து வெளியேறும். வெளியேற வெளியேற உள்ளே மின்னூட்டத்தின் அடர்த்தி கூடுகிறது, மீதித் தண்ணீரைப் பிடித்திருக்கும் பிடியும் இறுகுகிறது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தில் உயரம் வேகமாக விழுந்து, பிறகு இறக்கம் மந்தமாகிறது. இரவில் படுத்ததும் கணக்கு தலைகீழாகும். அதே தன்னார்வலர் ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தபோது டிஸ்க்கின் அழுத்தம் 0.1-ல் இருந்து 0.24-க்கு ஏறியிருந்தது. டிஸ்க் தண்ணீரை வாங்கி உப்பியதன் அடையாளம் அது.

இந்த ஏற்ற இறக்கம் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் வாஸ் என்ற பாதிரியார் 1724-லேயே இதைக் கவனித்து எழுதிய கடிதம் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1935-ல் டி புக்கி என்பவர், சராசரியாக உயரத்தில் 1 சதவீதம், குழந்தைகளுக்கு 2 வரை, முதியவர்களுக்கு அரை சதவீதம் என்று கணக்கிட்டார். 1985-ல் டிரெல், ரெய்லி, டிரூப் மூவரும் துல்லியமான கருவியால் அளந்ததில் சராசரி இறக்கம் 19 மி.மீ. சொச்சம், அதாவது உயரத்தில் 1.1 சதவீதம். அதில் பாதிக்கும் மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது. இழந்ததில் சுமார் 70 சதவீதம் தூக்கத்தின் முதல் பாதியிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

படி 1: சுவரைத் தேர்ந்தெடுங்கள்

பாதிப் பேர் தோற்பது இங்கேதான். இப்போது கட்டும் வீடுகளில் தரையை ஒட்டிச் சுவரில் ஒரு வரிசை ஸ்கர்ட்டிங் டைல்ஸ் பதிக்கிறார்கள். அது சுவரைவிட ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குதிகால் அதில் முட்டி நிற்கும், முதுகோ சுவரைத் தேடிப் பின்னால் சாயும். நேராக நிற்கவே முடியாது. ஸ்கர்ட்டிங் இல்லாத சுவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே அதே தடிமனில் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்திவிடுங்கள்.

தரையையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் தண்ணீர் வடிவதற்காகத் தரையை முற்றத்துப் பக்கம் சாய்த்துப் போட்டிருப்பார்கள். சாய்வு இருப்பது பிழையில்லை, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்பதுதான் பிழை. பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் தீர்ந்தது.

இடம் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மாடிப்படி இறங்கி வந்து அளப்பதற்குள் முதல் சில மில்லிமீட்டர் போய்விடும்.

படி 2: முழு உயரம் வேண்டாம், வித்தியாசம் போதும்

இஞ்சி டேப்பைத் தரையில் இருந்து உச்சந்தலை வரை இழுத்து அளக்காதீர்கள். டேப் வளையும், தொய்யும். நமக்குத் தேவை காலைக்கும் இரவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே. ஸ்டேஷனரி கடையில் மில்லிமீட்டர் கோடு போட்ட கிராஃப் ஷீட் ஒன்றை வாங்கி, தலை உயரத்தில் சுவரில் சமமாக ஒட்டுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் மூடுபனி மாதங்களில் காகிதத்தை நம்ப வேண்டாம். ஈரம் வாங்கி அது உப்பும். அங்கே 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி ஒட்டுவதே நல்லது.

தலைமேல் வைக்கத் தச்சரின் மூலைமட்டம் போதும். அதன் ஒரு பக்கத்தைச் சுவரோடு அழுத்தி, மறு பக்கம் தலையில் படும்வரை இறக்க வேண்டும். கொண்டை, பின்னல், பூ எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முடியை வகிடெடுத்துப் பிரியுங்கள்.

படி 3: நிற்கும் முறை

குதிகால்கள் சேர்ந்து, குதிகால், பிட்டம், தோள்பட்டை எலும்பு மூன்றும் சுவரில் படட்டும். பின்தலை சுவரில் பட வேண்டும் என்ற கட்டாயமில்லை, அதற்காகத் தலையைப் பின்னால் தள்ளவும் வேண்டாம். கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் வர வேண்டும். முகவாய் கொஞ்சம் ஏறினாலோ இறங்கினாலோ சில மில்லிமீட்டர் மாறிவிடும். நாம் தேடும் மொத்த வித்தியாசமே பதினைந்து, இருபது மில்லிமீட்டர்தான் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. கண் மட்டத்தில் எதிர்ச்சுவரில் ஒரு பொட்டு வைத்து அதையே பாருங்கள்.

மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்துங்கள். அந்த நேரத்தில் மூலைமட்டத்தை இறக்கிக் கோடு பார்ப்பது உதவியாளர் வேலை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஸ்டூல் போட்டு ஏற்றிவிடுங்கள், அவர்கள் கண் ஸ்கேலின் மட்டத்துக்கு வர வேண்டும். கீழிருந்து அண்ணாந்து பார்த்துப் படித்தால் அளவு தப்பும்.

இன்னொன்று. நின்றதும் குதிகாலின் கொழுப்புத் திசுவும் அமுங்கும். இது டிஸ்க்கோடு சம்பந்தமில்லாத சில மில்லிமீட்டர். அதனால் ஒவ்வொரு அளவுக்கும் முன்னால், காலை முதல் அளவு உட்பட, சரியாக ஒரு நிமிடம் அந்த இடத்திலேயே நில்லுங்கள். எல்லா அளவுக்கும் அதே ஒரு நிமிடம்.

படி 4: உங்கள் பிழை எவ்வளவு?

அசல் அளவைத் தொடங்குவதற்கு முன் ஒரு மதிய வேளையில் அடுத்தடுத்து ஐந்து முறை அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் விலகிப் போய்த் திரும்ப வந்து நிற்க வேண்டும். ஐந்துக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முறையில் கோளாறு. முதலில் முகவாயைச் சந்தேகியுங்கள், அப்புறம் மூச்சை, அப்புறம் உதவியாளரை.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், விண்வெளி வீரர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். எடையற்ற நிலையில் டிஸ்க்கை அமுக்க எதுவும் இல்லாததால் அவர்கள் உயரம் 3 சதவீதம் வரை கூடும். 2018 ஜனவரியில் ஜப்பானிய வீரர் நோரிஷிகே கனாய், மூன்று வாரத்தில் 9 செ.மீ. வளர்ந்துவிட்டேன் என்று விண்வெளியில் இருந்து ட்வீட் செய்தார். திரும்ப அளந்தபோது 2 செ.மீ.தான் என்று தெரிந்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

படி 5: ஒரு நாளை அளப்பது

விடுமுறை நாளில் தொடங்குவது வசதி. முந்தின இரவு ஏழு மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். எழுந்த உடனே முதல் அளவு. பிறகு 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணி நேரம், 2 மணி நேரம், 4 மணி நேரம், அப்புறம் மாலையில் ஒன்று, படுப்பதற்கு முன் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். பக்கத்தில் அதுவரை செய்த வேலையையும் ஒரு வரி எழுதுங்கள்: நின்றது, உட்கார்ந்தது, பைக், படுத்தது.

மணிக்கணக்கு படுக்கையை விட்டு எழும் நொடியில் தொடங்குகிறது, சூரியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உருக்காலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குபவருக்குச் சாயங்காலம் எழுவதுதான் ‘காலை’.

165 செ.மீ. உயரமுள்ள நடுவயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். 1.1 சதவீதக் கணக்கில் நாள் முழுக்க 18 மி.மீ. குறையலாம். ஆறு மணிக்கு எழுந்தவர் ஏழு மணிக்குள்ளேயே 9, 10 மி.மீ. இழந்திருப்பார். மீதி எட்டோ ஒன்பதோ இரவு வரை இழுத்துக்கொண்டு போகும். உங்களுக்கு 10 வந்தாலும் 22 வந்தாலும் பதற வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். பார்க்க வேண்டியது வளைவின் வடிவம்: முதலில் செங்குத்தாக, பிறகு படுத்தவாக்கில்.

வளைவு அப்படி வரவில்லை, நேர்கோடாக வருகிறது என்றால் பெரும்பாலும் முதல் அளவு தாமதமாகியிருக்கும். பல் துலக்கி, காபி குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு வந்து அளந்திருப்பீர்கள்.

படி 6: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சாதாரண நாளின் வளைவு கையில் இருந்தால் மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம்.

மதியம் சாப்பிட்டதும் அளந்து, அரை மணி நேரம் படுத்து எழுந்து மறுபடி அளங்கள். வளைவு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேலோ கட்டிலின் மேலோ தூக்கி வைத்தாலும் இதே பலன், இடுப்புக்கும் இதமாக இருக்கும். சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளில் தறியில் உட்காருகிறவர்களுக்கு இந்த இடைவேளையைத்தான் முதலில் சொல்வேன். குழித்தறியில் முன்னால் சாய்ந்தே வேலை நடக்கிறது. முன்சாய்ந்த இருக்கையின் அழுத்தம் நிற்பதைவிடக் கூடுதல் என்று மேலே பார்த்தோம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் தரையில் குனிந்து பற்றவைக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

ஏற்காட்டுக்குப் பைக்கிலோ பஸ்ஸிலோ போய் வரும் நாளையும் அளந்து பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் உடம்பைப் பிடித்து நிறுத்த முதுகுத் தசைகள் இறுகும். அந்த இறுக்கமும் டிஸ்க்கை அமுக்கும் சுமைதான். வண்டியின் அதிர்வு தனி. மலைமேல் ஈர்ப்பு விசை குறைவதால் உயரம் கூடுமா என்றால், 1,500 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு குறைவது வெறும் 0.05 சதவீதம். எந்த ஸ்கேலிலும் தெரியாது. ஏற்காட்டில் நிமிர்ந்து நடப்பதாகத் தோன்றினால் அது வெயில் குறைவாக இருக்கும் குஷி.

சரி, காவலர் தேர்வு விஷயத்துக்கு வருவோம். வளைவைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு இது எளிய கணக்கு. எழுந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் உங்கள் உயரம் 170-ல் நிற்கிறதா என்று வீட்டில் பாருங்கள். நிற்கிறது என்றால் கவலையில்லை. எழுந்த அரை மணிக்குள் மட்டும்தான் 170 என்றால், வரிசையில் காத்திருப்பதிலேயே அது கரைந்துவிடும். வெளியூரில் தேர்வு என்றால் இரவு முழுக்க உட்கார்ந்து போகும் பஸ்ஸைவிட ரயிலில் படுக்கை எடுப்பது புத்திசாலித்தனம். அளவுக்கு முன் வார்ம்அப் என்று ஓடாதீர்கள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நிற்காதீர்கள், இடம் கிடைத்தால் படுங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, உங்கள் உயரத்தைத்தான் காட்டுகிறீர்கள். ஆனால் இரண்டு மூன்று மில்லிமீட்டரை நம்பி வருஷக்கணக்கில் தயாராவது எனக்குச் சரியாகப் படவில்லை. விதிமுறையில் உங்கள் பிரிவுக்கு என்ன அளவு என்பதை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் பிரிவினருக்கும் பழங்குடியினருக்கும் தளர்வு உண்டு.

படி 7: காலை வேலைகளை மாற்றி அடுக்குங்கள்

காலையில் டிஸ்க் உப்பியிருக்கிறது. உப்பிய டிஸ்க் விறைப்பாக இருக்கும், சுலபமாக வளையாது. 1987-ல் ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகியோர் கணக்கிட்டதில், அதிகாலையில் முன்னால் குனியும்போது இடுப்பு டிஸ்க்கில் விழும் வளைவு அழுத்தம், பிற்பகலில் அதே அளவு குனிவதைவிடச் சுமார் 300 சதவீதம் கூடுதல். தசைநார்களில் 80 சதவீதம் கூடுதல். 1998-ல் ஸ்நூக்கும் அவரது குழுவினரும் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களைக் காலையில் குனியாமல் இருக்கப் பழக்கினார்கள். வலி குறைந்தது. மாத்திரையும் இல்லை, செலவும் இல்லை.

நம் வீட்டுக் காலையை இதோடு வைத்துப் பாருங்கள். ஐந்தரை மணிக்கு எழுந்ததும் வாசல் பெருக்கி, இடுப்பை வளைத்துக் கோலம். பிறகு தண்ணீர்க் குடம். பிறகு துணி அலசல். எல்லாமே குனிவது, எல்லாமே அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளே. முதுகுவலி இருக்கிற அம்மாக்களுக்கு இதைவிட மோசமான நேர அட்டவணையைத் திட்டம் போட்டாலும் தயாரிக்க முடியாது.

கோலத்தைத் தள்ளிப்போடச் சொன்னால் வீட்டில் எடுபடாது, தெரியும். அதனால் குந்தி உட்கார்ந்து போடலாம், அல்லது வலி இல்லாத இன்னொருவர் போடலாம். நல்ல வழி என்னவென்றால், எழுந்ததும் அடுப்படியில் நின்றபடி செய்யும் வேலைகளை முதலில் முடிப்பது. பால் காய்ச்சுவது, காய் நறுக்குவது, டிபன் எல்லாம் நின்றபடியே நடக்கும். பெருக்குவது, துவைப்பது, குடம் தூக்குவது ஒரு மணி நேரம் கழித்து. முடிந்தால் இரண்டு.

யோகா செய்கிறவர்கள் கவனிக்க: படுக்கையில் இருந்து எழுந்ததும் பாதஹஸ்தாசனம், பஸ்சிமோத்தாசனம் போன்ற முன்னால் குனியும் ஆசனங்கள் வேண்டாம். முதலில் அரை மணி நடந்துவிட்டு வாருங்கள். எஸ்டேட்டில் காப்பிப் பழ மூட்டை தூக்குகிறவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் விடியலுக்கு முன்பே லாரியில் சரக்கு இறக்குகிறவர்களுக்கு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. அவர்களுக்கு முறைதான் கைகொடுக்கும். வில்கே அளவில் 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கல், முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தபோது 1.1. மூட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடிப்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை இந்த மூன்று எண்களே காட்டுகின்றன.

வழக்கமாக வரும் கேள்விகள்

நிறையத் தண்ணீர் குடித்தால் டிஸ்க் ஊறுமா? நேரடியாக ஊறாது. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. சுற்றியுள்ள திசுக்களில் தண்ணீர் எப்போதும் இருக்கிறது, அது உள்ளே போவதா வெளியே வருவதா என்பதைச் சுமைதான் தீர்மானிக்கிறது. சேலத்து வெயிலுக்குத் தண்ணீர் குடியுங்கள், ஆனால் அதை டிஸ்க்கின் கணக்கில் எழுத வேண்டாம்.

கம்பியில் தொங்கினால் வளர்வோமா? சுமை நீங்குவதால் கொஞ்சம் திரும்பி வரும், நடமாடினால் போய்விடும். உயரம் கூட்டும் மாத்திரை, பொடி விளம்பரங்களில் வரும் ‘முன், பின்’ அளவுகளைப் பார்க்கும்போது, முன் அளவு இரவிலும் பின் அளவு விடிகாலையிலும் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஒரு காசு செலவில்லாமல் அந்த ஒன்றரை சென்டிமீட்டரை யாரும் காட்டலாம்.

குழந்தைகளின் வளர்ச்சியைச் சுவரில் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால், தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அவர்களுக்கு இறக்கம் 2 சதவீதம் வரை போகலாம். சாயங்காலம் விளையாடிவிட்டு வந்து நின்றால் பிள்ளை ‘குட்டையாகி’விட்டதாகத் தோன்றும். எம்.ஆர்.ஐ.க்கும் இது பொருந்தும். பழைய ஸ்கேனோடு ஒப்பிடுவதற்காக எடுப்பதாக இருந்தால், முடிந்தவரை அதே வேளையில் எடுக்கக் கேளுங்கள்.

எப்போது அளவுகோலை வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்

ராத்திரி தூங்கினால் திரும்பி வருவது இயல்பான இறக்கம். திரும்பி வராததுதான் கவலை. இளவயதில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால், அல்லது முன்பு முறையாக அளந்ததைவிட 2 செ.மீ. குறைந்திருந்தால், எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானதால் முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம். பல பேருக்கு இது பெரிய வலி இல்லாமலேயே நடக்கும். மாதவிடாய் நின்ற பெண்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

காலில் வலு குறைவது, தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைபடுவது, இவற்றில் எது வந்தாலும் நாளை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரியானாலும், சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் மலை இறங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துச் சீக்கிரமே கிளம்ப வேண்டும், முடிந்தால் 108-ஐ அழைத்துப் படுத்தபடி வாருங்கள்.